பால் ஊற்றிய பிறகு எந்தப் பக்கம் நடப்பது?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் கரைக்கு வரும் இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும், மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், ஊர் நிர்வாகிகளுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும்,

துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்று, திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒருவன் எழுதுகிறேன். எந்த மன்றத்திலும் எனக்குப் பொறுப்பு கிடையாது. ஆண்டுதோறும் உங்களோடு கரையில் வந்து நிற்பவன் என்ற ஒரே உரிமையில்தான் எழுதுகிறேன்.

காலையிலேயே மைக் செட் கட்டிவிடுவீர்கள். பெண்கள் பால்குடத்தோடும் கூடைப் பூவோடும் வருவார்கள். மெழுகுவத்தி காற்றில் அணைய அணைய யாராவது ஒருவர் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார். தலைவர்கள் வந்து, பேசி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கூட்டம் கலைந்த பிறகும் இரண்டு மூன்று பேர் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்கள்தான் அந்த நாளின் சொந்தக்காரர்கள். பால் ஊற்றுவதைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. சுடுகாட்டில் பால் தெளிப்பது நம் வழக்கம். உடல் கிடைக்காதவர்களுக்குக் கடல்தான் சுடுகாடு. அங்கே போய்ப் பால் தெளிக்காமல் வேறு எங்கே தெளிப்பது?

ஆனால் போன முறை கூட்டம் முடிந்து திரும்பும்போது, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயா ஒரு கேள்வி கேட்டார். 2004-இல் சுனாமி வந்த அன்று காலை அவர் கரையில் இருந்தவர். மறுபடி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடச் சொல்லித்தரவில்லையே என்றார். எனக்கும் தெரியவில்லை. மேற்கே என்று வாயில் வந்தது. மேற்கே என்றால் எந்தத் தெரு வழியாக? அந்தத் தெருமுனையில் கண்டெய்னர் லாரி நின்றால்? ரயில்வே கேட் மூடியிருந்தால்? பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த மடல் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் மணிக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. சென்னையிலேயே பலர் வீட்டில் பாத்திரம் ஆடியதை உணர்ந்தார்கள். அலை நம் கரைக்கு வந்தபோது மணி ஒன்பதை ஒட்டி. நடுவே கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். ஒரு கிழவி தடி ஊன்றி வியாசர்பாடிக்கே நடந்து போயிருக்கலாம். சொல்ல ஆளில்லை, சொன்னாலும் எங்கே போவது என்று தெரியாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் போனார்கள். அதில் ஆறாயிரத்துக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். சென்னையில் 200-க்கும் மேல். ஊருக்குள் சில தெரு தள்ளி இருந்தவர்கள் தப்பித்தார்கள். கரையில் நின்றவர்கள் போனார்கள். நெஞ்சை அறுக்கும் கணக்கு அது.

இப்போது சொல்ல ஆளிருக்கிறது. ஐதராபாத்தில் 2007 அக்டோபரிலிருந்து இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் இரவும் பகலும் விழித்திருக்கிறது. எங்கே நிலம் குலுங்கினாலும் சில நிமிடங்களில் அங்கிருந்து செய்தி புறப்பட்டுவிடும். கோட்டைக்கு வந்துவிடும், ரிப்பன் மாளிகைக்கு வந்துவிடும். தெருமுனைக்கு வருவதுதான் பாடு. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா மறுபடி குலுங்கி எச்சரிக்கை வந்தது நினைவிருக்கிறதா? உங்களில் பலர் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், மீதிப் பேர் அலை வருகிறதா என்று பார்க்கக் கடற்கரைக்குப் போனார்கள். இரண்டு கூட்டமும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டு நின்றது. அன்று அலை வரவில்லை, பிழைத்தோம்.

சுனாமியோடு இது முடிவதாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். 2023 டிசம்பர் 26. காலையில் நீங்கள் பால் ஊற்றினீர்கள். அன்று நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்து, அதே தேதியில், அதே கரையில், அதே கேள்வி: எந்தப் பக்கம் ஓடுவது? இந்த முறை மேற்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. வாயு எந்தப் பக்கம் போகிறதோ அதற்குக் குறுக்கே போக வேண்டும். காற்று மேற்கே அடித்தால் மேற்கே ஓடுகிறவன் வாயுவோடு சேர்ந்து ஓடுகிறான்.

டிசம்பர் 2-ஆம் தேதி தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாள் என்று பள்ளிகளில் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ மரம் நடும் விழா போல இருக்கும். அது போபாலில் செத்தவர்களின் நினைவு நாள். 1984 டிசம்பர் 2, ஞாயிறு இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கிளம்பிய வாயு பக்கத்துக் குடிசைகளில் தூங்கியவர்களைக் கொன்றது. என்ன வாயு, அதற்கு என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தத் தெருக்காரர் யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர். மணலியையும் எண்ணூரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும் நமக்கு இதைவிட நெருக்கமான நினைவு நாள் நாட்டில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, 2-ஆம் தேதி ஒன்று, 26-ஆம் தேதி ஒன்று. இடையில் 24 நாள். அந்த நாட்களை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

வேலை இதுதான். நடப்பது. ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் மேட்டுக்குப் போகும் வழியை நடந்து பார்ப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். காசிமேட்டிலிருந்து சூரியநாராயண தெருவைத் தாண்டிக் கல்மண்டபம் போக எத்தனை நிமிடம் என்று உங்களைக் கேட்டால் ‘அஞ்சு நிமிஷம் அண்ணே’ என்பீர்கள். அது பைக்கில். கையில் ஒரு குழந்தையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக ஒரு தாய் நடக்கட்டும். முட்டிவலிக்காரப் பாட்டி நடக்கட்டும். ஞாயிறு காலை மீன் வாங்க நகரமே வந்து துறைமுக வாசலில் வண்டிகளை நிறுத்தியிருக்கும்போது நடக்கட்டும். அந்த அலை வந்ததும் ஒரு ஞாயிறு காலைதான். அப்போது எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் கதை வேறு. அங்கே எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அதையும் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். மேற்கே போகிறவனை நிறுத்த இத்தனை சுவர். லாரிகளுக்கு இடையில் ஆள் நுழைய எங்கே இடம், எந்தச் சுரங்கப்பாதையில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், எந்த மாடி வீட்டுக்காரர் கதவைத் திறப்பார், எந்தப் பள்ளியின் மாடிச் சாவி யாரிடம் இருக்கும்? மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம் பக்கத்தில் இருந்தால் ஒரு கல் தூரம் ஓட வேண்டியதில்லை. இதெல்லாம் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. உங்கள் காலுக்குத்தான் தெரியும்.

ஜப்பானில் ஹிரோகவா என்று ஒரு கடற்கரை ஊர். 1854-இல் அங்கே சுனாமி வந்த இரவில் ஹமகுச்சி கொர்யோ என்பவர் வயலில் இருந்த வைக்கோல் போருக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஊரார் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நவம்பர் 5-ஐ ஐ.நா. சபை உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்ததற்குக் காரணம் அந்தக் கதைதான். எனக்குப் பிடித்தது அதன் அடுத்த பாதி. அலை வடிந்த பிறகு அவர் தன் பணத்தில் ஊராருக்குக் கூலி கொடுத்துக் கடலோரம் மண் கரை எழுப்பினார். கிட்டத்தட்ட நாலு வருஷ வேலை. 1946-இல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த ஊரில் நினைவு விழா நடக்கிறது. விழாவில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் மண் கொண்டுபோய் அந்தக் கரையில் போடுகிறார்கள். செத்தவர்களுக்கு அஞ்சலியும் அதுதான், கரைக்குப் பராமரிப்பும் அதுதான். அதைப் படித்தபோதுதான் பால்குடத்துக்குப் பிறகு நாம் என்ன செய்யலாம் என்று எனக்கு உறைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன். புதுச்சேரி அருகே நல்லவாடு. அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு நடந்துகொண்டிருந்த அறிவு மையத்தில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது; அலை உயரம், வானிலை சொல்ல வைத்தது. 2004-இல் சிங்கப்பூரில் இருந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். அந்த ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் தப்பியது. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூரையும் நோலியாசாகியையும் 2020-இல் யுனெஸ்கோ ‘சுனாமிக்குத் தயாரான ஊர்’ என்று அங்கீகரித்தது. இரண்டுமே நம்மைப் போன்ற மீனவக் குப்பங்கள். நம்மிடம் மைக் செட்டுக்குப் பஞ்சமா? ஆடி மாதக் கூழுக்கு, தேர்தலுக்கு, கல்யாணத்துக்கு என்று வருஷம் முழுக்கக் கட்டுகிறோம். கோயில் மைக், மாதா கோயில் மைக், பள்ளிவாசல் மைக் மூன்றின் சாவியும் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவது அரை நாள் வேலை. கரண்ட் போனால் பேட்டரி உண்டா என்று பார்ப்பது இன்னொரு அரை நாள்.

ஆலைச் சங்கு என்று ஒன்று இருக்கிறதே! வடசென்னையில் எங்கள் தலைமுறைக்குக் கடிகாரமே அதுதான். லேலண்ட் சங்கு ஊதினால் ஷிஃப்ட், மில் சங்கு ஊதினால் பள்ளிக்கு நேரம். இன்று ஆலைகளில் சங்கு ஊதினால் அது ஷிஃப்டா, ஒத்திகையா, கசிவா என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியது சட்டப்படி கடமை. போபாலுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர இரசாயன விதிகள், ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்கச் சொல்கின்றன; விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லவும் சொல்கின்றன. உங்கள் தெருவுக்கு யாராவது வந்து சொன்னார்களா? டிசம்பர் 2-ஆம் தேதி கட்டுரைப் போட்டிக்குப் பதில் ஒரு மனு எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும், மாநகராட்சியின் நம் பகுதி மண்டல அலுவலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி. எங்கள் பகுதிக்கான திட்டத்தில் நாங்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது, காட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். கையெழுத்து நிறைய இருக்கட்டும்.

காற்றின் திசை சொல்லப் படித்தவன் தேவையில்லை. வாடையா, கச்சானா, கொண்டலா என்று முகத்தில் படும்போதே சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் ஒவ்வொரு குப்பத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் குழந்தைக்கும் காற்று தெரியும். ஒரு மாலை அந்தப் பெரியவர்களை உட்கார வைத்து, பிள்ளைகளுக்குக் காற்றுப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். பாடு போக உதவிய அறிவு, நள்ளிரவில் உயிர் பிழைக்கவும் உதவும். அந்தப் பெரியவர்களைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்பதையும் அப்படியே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி கொஞ்சம் கோபப்படுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டங்களின் மேடையில் எப்போதும் ஆண்கள். கூட்டம் முடிந்தால் சாப்பாடு பரிமாறுவது பெண்கள். அலையோ வாயுவோ வரும் நேரத்தில் ஆண்களில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். கடலில் இருப்பவன் அப்போது கரைக்கு வரவே கூடாது, ஆழத்துக்குப் போக வேண்டும். மீதிப் பேர் வேலைத் தளத்தில். வீட்டில் இருப்பது யார்? பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் அப்புறப்படுத்தப் போவது யார்? அவர்கள்தான் இந்த வேலைக்குத் தலைமை. எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி, எந்த வீட்டில் காது கேளாத பிள்ளை என்ற பட்டியல் மகளிர் குழுவின் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நோட்டில் ஏற்றி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிக்கொண்டு போக இரண்டு பெயர் எழுத வேண்டும். அந்த இரண்டு பேர் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் பலசாலி பயன்பட மாட்டான். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசலருகே மாட்டச் சொல்லுங்கள். அவற்றை எடுக்கத் திரும்பி ஓடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

ஒத்திகை இரண்டு வேண்டும். ஒன்று 26-ஆம் தேதி காலை, பால் ஊற்றிய கையோடு. இன்னொன்று அதற்கு முன் ஏதாவது ஒரு நாள் இரவு, தெருவிளக்கை நம்பாமல். காலை ஒன்பதுக்கும் வந்திருக்கிறது, நள்ளிரவிலும் வந்திருக்கிறது. அடுத்தது நம்மைக் கேட்டு வராது.

ஒரு வேலையை மட்டும் செய்யாதீர்கள். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்து எழுந்த சூடு ஆறாத பிள்ளைகள், கையில் வாளியோடு எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரைக்கு வந்தார்கள். பம்பு உறிஞ்ச முடியாத தாரை அவர்கள் கையால் அள்ளினார்கள். அதைப் பார்த்து நெகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது நெகிழ்ச்சி போய் வயிறு எரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, கூழைக்கடா எல்லாம் கறுப்பு. அதிலும் இறங்கி அள்ளியது நம் மீனவர்கள்தான். மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் வேலூர்த் தோல் ஆலை வழக்கிலேயே சொல்லிவிட்டது. செலவு என்பது பணம் மட்டுமா? கொட்டியவனுடைய குப்பையை நம் பிள்ளைகளின் தோலும் நுரையீரலும் துடைப்பதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரால் லாபம் அடைவது யார்? நினைவு நாளில் யாராவது வாளியும் பனியனும் கொடுத்து, படம் எடுக்க வரிசையில் நிறுத்தினால் தயவுசெய்து நகர்ந்து போய்விடுங்கள். குப்பை பொறுக்குவதும் அப்படித்தான். மாநகராட்சி செய்ய வேண்டியதை ஒரு காலைப் பொழுது நாம் செய்துவிட்டு வந்தால், மறுநாள் அதே குப்பை அதே இடத்தில். உங்களால் மட்டுமே செய்ய முடிகிற வேலை ஒன்று இருக்கும்போது, சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையில் அந்த நாளைச் செலவழிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, பெயர்கள். எர்ணாவூரில் சுனாமி குடியிருப்பு இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் தாங்கள் பார்த்தேயிராத அலையின் பெயரைப் பள்ளி விண்ணப்பத்தில் முகவரியாக எழுதுகிறார்கள். போனவர்களின் பெயர் கேட்டால் தெரியாது. நம் குப்பங்களில் யார் யார் போனார்கள், என்ன வயது, அன்று காலை என்ன செய்துகொண்டிருந்தார்கள், பிழைத்தவர்கள் எந்த வழியாக ஓடினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள்; அன்று பிழைத்த கால்கள் போன வழிதான் நம் முதல் வரைபடம். சொல்ல மனமில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். ராயபுரத்தில் செபமாலை சொல்கிற வீட்டிலும், எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டிலும் ஒரே நோட்டு போகட்டும். 26-ஆம் தேதி மைக்கில் தலைவர்களின் பெயரை வாசிப்பதற்கு முன் இந்தப் பெயர்களை வாசியுங்கள்.

பணம் பெரிதாக ஆகாது. அம்புக்குறி வரையச் சுண்ணாம்பும் நீலமும், இரண்டு நோட்டு, ஒரு கைக்கடிகாரம். சுவர்க்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு வரையுங்கள். ஆலைகளிடம் நன்கொடை கேட்காதீர்கள், விவரம் கேளுங்கள்.

டிசம்பர் 2 மாலை ஐந்து மணிக்குக் காசிமேடு ஏலக் கூடத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில் இருப்பேன். அந்த ஆயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் நடையை அவருடைய வேகத்தில் நடப்போம். ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டாம்.

அன்புடன்,
திருவொற்றியூர்க்காரன்